பெயர் வெட்டிய பாத்திரங்கள்

கிழக்குத் தாம்பரத்தில் என் பெற்றோர் குடியிருந்த வீட்டைக் காலி செய்த மழைக்காலம் முழுவதும், முன்பின் தெரியாதவர்களுக்கு அலமாரிகளைத் திறந்து காட்டுவதே என் வேலையாக இருந்தது. வீட்டை இடித்துவிட்டு அடுக்குமாடி எழுப்பப்போகும் நிறுவனத்திலிருந்து அளவு நாடாவோடு வந்தார்கள். கட்டில் கேட்டு வந்த புதுமணத் தம்பதி மெத்தையைப் புரட்டிப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, வேண்டாம் என்று சொல்லாமலே போனார்கள். சாப்பாட்டு மேசைக்காக வந்தவர் அதன் காலைத் தட்டிவிட்டு, “ஆன்ட்டி, இது தேக்கே இல்லையே” என்றார். அம்மா அது தேக்கு என்று நம்பித்தான் இத்தனை காலம் அதன்மேல் துணி விரித்து வந்திருந்தாள். அவள் என்னைப் பார்த்தாள். நான் சன்னலைப் பார்த்தேன்.

அப்பா ரயில்வே அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா பள்ளி ஆசிரியையாக இருந்தவள். அவருக்குக் காது மந்தம், அவளுக்கு முழங்கால் வலி. மாடிப்படியும், கிணற்றடிப் பாசியும், ஒரு நாள் மழைக்கே குளமாகிவிடும் தெருவும் இனி அவர்களால் ஆகாது என்று நாங்கள் எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்தோம். பெரும்பாக்கத்தைத் தாண்டி நான் குடியிருக்கும் வளாகத்திலேயே நான்காவது மாடியில் இரண்டு படுக்கையறை வீடு ஒன்று கிடைத்தது. லிஃப்ட் இருந்தது, வாசலில் காவலாளி இருந்தார், மருந்துக் கடை நடந்து போகும் தூரத்தில் இருந்தது. சமையலறையில் மட்டும் ஒருவர் நின்றால் மற்றவர் வெளியே வந்துவிட வேண்டும்.

நான் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். இடம் போதாதபோது யாரும் எடுக்காத நூல்களைக் கழித்துக்கட்டுவதும் அந்த வேலையில் சேர்ந்ததுதான். முதல் பக்கத்தில் ‘நீக்கப்பட்டது’ என்று முத்திரை குத்தி, நூலகத்தின் பெயரைக் கோடிட்டு அடித்து, அதன் பிறகே வெளியே அனுப்புவோம். அந்தப் பழக்கத்தினால் பெற்றோரின் வீட்டையும் என்னால் பதற்றமில்லாமல் பிரித்துவிட முடியும் என்று நினைத்தேன். அப்பா மடித்து மடித்துச் சேர்த்திருந்த துணிக்கடைப் பைகளை அவர் கையாலேயே எண்ணிப் பார்க்க விட்டேன். அம்மாவின் பழைய ரவிக்கைகளை ஒவ்வொன்றாக அவள் தோளில் வைத்துப் பார்க்கும் வரை காத்திருந்தேன். என் பொறுமையைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பரணில் இருந்த பாத்திரங்களை இறக்கியபோதுதான் சிக்கல் தொடங்கியது.

எங்கள் உறவிலும் திருச்சபையிலும் பெயர் வெட்டாமல் யாரும் யாருக்கும் பாத்திரம் கொடுப்பதில்லை. பாத்திரக் கடையில் இயந்திரப் பேனாவோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார். பெரிய கொசு ஒன்று காதருகே பறப்பது போன்ற ஓசையோடு, விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாகக் கொடுத்தவர் பெயரையும் எந்த விசேஷத்துக்கு என்பதையும் எழுதித் தருவார். பாத்திரத்தை வாங்கிக்கொள்பவர் அதைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றி அந்த எழுத்தைத் தேடிப் படிப்பது மரியாதை. எங்கள் வீட்டுப் பரணில் கல்யாணம், ஞானஸ்நானம், வீட்டுப் பிரதிஷ்டை, பணி ஓய்வு என்று ஒரு குடும்பத்துக்கு நடக்கக்கூடிய அத்தனையும் எவர்சில்வரில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. இறந்துபோனவர்களின் பெயர்கள் இருந்தன. பேச்சுவார்த்தை நின்றுபோனவர்களின் பெயர்களும் இருந்தன.

அப்பா ஒரு மூடியை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். “இது எதிர்வீட்டுக்காரர் மூடி. உங்கம்மா திருட்டுச் சாமான் வேற வச்சிருக்கா.”

“அவங்க வீட்ல நம்ம மூடி ரெண்டு இருக்கு. அதைப் போய்க் கேளுங்க மொதல்ல” என்றாள் அம்மா.

“என்னது?”

“ஒண்ணுமில்ல, வேலையைப் பாருங்க.”

பரணிலிருந்து இறங்கியவற்றுள் பெரியது ஓர் அண்டா. எங்கள் வீட்டின் பிரதிஷ்டைக்குச் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் ஒன்றாகச் சேர்ந்து கொடுத்தது. புனித வெள்ளி ஆராதனை முடிந்ததும் சபையில் ஊற்றும் கஞ்சிக்கும், கிறிஸ்துமஸ் தேநீருக்கும் பல வருடங்கள் அதைத்தான் எங்கள் வீட்டிலிருந்து தூக்கிப் போவார்கள். பிறகு சபைக்குச் சமையல்காரர் ஒருவர் தம் சொந்தப் பாத்திரங்களோடு வரத் தொடங்கினார். அண்டா பரணுக்குப் போய்விட்டது.

புது வீட்டுக்கு அதைக் கொண்டுபோவதென்றால் அதற்குள்தான் நாங்கள் உட்கார வேண்டும் என்றார் அப்பா.

அம்மாவின் கவலை இடத்தைப் பற்றியதல்ல. அந்தச் சபையில் பெண்கள் பக்கத்தில் மூன்றாவது பெஞ்சின் சுவரோரத்தில் அவளுக்கு ஓர் இடம் உண்டு. அவளுக்கு அடுத்து உட்காருபவர் சங்கத்தின் தலைவி. ஓய்வு பெற்ற செவிலியர். கணவரை இழந்து இரண்டு தெரு தள்ளித் தனியாக வாழ்பவர். அம்மாவுக்கு அவர் அக்கா, எங்களுக்குப் பெரியம்மா. உறவு எதுவும் கிடையாது. அப்பாவுக்கு இருதய அறுவை சிகிச்சை நடந்தபோது மருத்துவமனை வராந்தாவில் அம்மாவோடு உட்கார்ந்திருந்தவர் அவர். அம்மாவைக் கண்டித்துப் பேசும் உரிமை உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் இருந்தது.

“போறதுன்னா நல்லபடியாப் போகணும்” என்று அம்மா அந்த நாட்களில் திரும்பத் திரும்பச் சொன்னாள். “பின்னாடி யாரும் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது. என்னிக்காவது ஒரு ஞாயித்துக்கிழமை அங்கேந்து வந்தேன்னா, அக்கா நகர்ந்து எனக்கு இடம் குடுக்கணும். எனக்கு அது போதும்.”

ஆகவே பாத்திரங்களை எடைக்குப் போட அவள் சம்மதிக்கவில்லை. பெயரோடு அவை பழைய சாமான் கடை வாசலில் கிடப்பதை யாராவது பார்த்துவிட்டால் என்ன ஆவது? சங்கத்துக்கே அண்டாவைக் கொடுத்துவிடலாமே என்றேன். அவள் பதறிப்போனாள். கொடுத்ததை அவர்கள் முகத்திலேயே திருப்பிக் கொடுப்பதா, அதைவிட அவமானம் உண்டா என்றாள். கடைசியில் அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கையாகப் படைத்துவிடுவது என்று தீர்மானித்தாள். அந்தப் பண்டிகையன்று எங்கள் சபையில் காய்கறி, கோழி, கேக், பாத்திரம் என்று பொருளாகவே காணிக்கை வரும். ஆராதனை முடிந்ததும் ஆலய வளாகத்தில் அவற்றை ஏலம் விடுவார்கள். ஒரு பூசணிக்காய் ஆட்டுக்குட்டியின் விலைக்குப் போகும். எடுத்தவர் சிரித்துக்கொண்டே அதைத் திரும்பவும் ஏலத்துக்கே கொடுத்துவிடுவார். கடவுளுக்குக் கொடுத்த பொருளைப் பற்றி யாரும் குறை சொல்ல முடியாது என்பது அம்மாவின் கணக்கு.

“ஆனா பேரு இருக்கே” என்றாள் மறுநாள் காலை. இரவெல்லாம் அதே யோசனையாக இருந்திருக்க வேண்டும். “அவங்க பேரை அவங்க எதிர்லயே தூக்கிக் காட்டி ஏலம் போடுவாங்களே.”

தயக்கம் அவளுடையது, தீர்வு என்னுடையது. “பேரை எடுத்துடலாம்மா” என்றேன். நூலகத்தில் பெயரை அடித்துவிட்டு அனுப்புவது போலத்தானே என்று தோன்றியது. எங்கள் கல்லூரியில் பணிபுரியும் ஒருவரின் மைத்துனர் திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் எவர்சில்வர் சாமான்களுக்கு மெருகு போடும் பட்டறை வைத்திருந்தார். நான் தொலைபேசியில் கேட்டபோது கொண்டுவரச் சொல்லிவிட்டார்.

அண்டாவையும், சபையார் கொடுத்த வேறு நான்கு பாத்திரங்களையும் காரில் ஏற்றிக்கொண்டு மூவரும் போனோம். ஓய்வு பெற்ற பிறகு அப்பாவுக்குத் தொழிற்கூடம் எதையும் பார்க்க வாய்க்கவில்லை. சுழலும் சக்கரங்களுக்கு நடுவே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மேற்பார்வைக்கு வந்த அதிகாரியைப் போல நடந்தார். அங்கே இருந்தவர் முகத்தில் கட்டியிருந்த துணியை இறக்கி, “இன்னா மேடம், பேரு மட்டும் எடுக்கணுமா, முழுசும் அடிக்கணுமா?” என்று கேட்டார். முழுவதும் என்றால் மறுநாள் வர வேண்டியிருக்கும். பேரு மட்டும் போதும் என்றேன். துணிச் சக்கரத்தில் அண்டாவின் விளிம்பை அழுத்தியதும் கறுப்பாகத் தூள் பறந்தது. முதலில் வருடம் போயிற்று, அடுத்து பிரதிஷ்டை என்ற சொல் போயிற்று. அதுவரை பார்த்துக்கொண்டு நின்ற அம்மா, புகை கண்ணைக் கரிக்கிறது என்று சொல்லிவிட்டுக் காருக்குத் திரும்பிவிட்டாள். அங்கே புகை எதுவும் இல்லை. அதை நான் கவனித்தேன். கவனித்தும் மற்ற நான்கையும் எடுத்து நீட்டினேன்.

திரும்பி வரும்போது அப்பா மட்டும் பேசிக்கொண்டே வந்தார். “என்னா ஸ்பீடு பாத்தியா அந்தச் சக்கரம்? எழுத்து இருந்த அடையாளமே இல்ல!”

பண்டிகை அன்று மழை விட்டிருந்தது. பல நாளைக்குப் பிறகு நல்ல வெயில். ஆலயத்துக்குள் கரும்பும் வாழைத்தாரும் கட்டியிருந்தார்கள். படிகளில் அடுக்கிய காணிக்கைகளுக்கு நடுவில் எங்கள் அண்டா கௌரவமாகவே இருந்தது. அம்மா அதைப் பார்க்காதது போல ஞானப்பாட்டுப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அருகில் பெரியம்மா வழக்கம் போல அரைச் சுருதி மேலே பாடினார்.

ஏலம் விட்டவர் சபைக் குழுவில் இருந்தவர். வங்கியில் வேலை பார்த்தவர். மைக்கைக் கொடுத்தால் திருப்பி வாங்குவது கடினம். முதலில் ஒரு சேவலைத் தூக்கிக் காட்டினார். “பிரசங்கம் நடக்கறப்ப குறுக்கே குறுக்கே கூவினது இவர்தான். போதகர் ரொம்பக் கோவமா இருக்கார். யாராவது சீக்கிரம் எடுத்துக் கொழம்பு வச்சிடுங்க, சபையில சமாதானம் வரும்!” எல்லோரும் சிரித்தார்கள். போதகரே கையைத் தூக்கி விலை கேட்டார். அம்மாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து, எல்லாம் நல்லபடியாக முடிந்துவிடும் என்று நான் நினைத்தேன்.

பிறகு இரண்டு பேர் சேர்ந்து அண்டாவைத் தூக்கி மேசையின் மேல் வைத்தார்கள்.

பட்டறையின் குழல் விளக்கில் எங்களுக்குத் தெரியாமல் போனது, வெயிலில் அத்தனை பேருக்கும் தெரிந்தது. வருடக்கணக்காகத் தேய்த்துக் கழுவியதில் அண்டா முழுவதும் சாம்பல் மங்கலாகியிருந்தது. பெயர் இருந்த இடத்தில் மட்டும் ஒரு நீளப் பட்டை கண் கூசும்படி மின்னியது. பெயர் இருந்த காலத்தில்கூட அந்த இடம் இவ்வளவு தூரத்திலிருந்து கண்ணில் பட்டிருக்காது.

“ஆஹா, இதப் பாருங்க! கண்ணாடியே வேணாம்!” என்று ஏலம் விட்டவர் அதை மெல்லச் சுற்றினார். பட்டையில் பட்ட வெளிச்சம் பெண்கள் உட்கார்ந்திருந்த நாற்காலிகளின் மேல் ஒரு முறை ஓடியது. “சங்கத்து அம்மாமாரெல்லாம் வரிசையா வந்து முகம் பாத்துக்கலாம். யாரு கேக்கறீங்க?”

யாரும் கேட்கவில்லை. நான்கைந்து பேர் பெரியம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“இது நம்ம கஞ்சி அண்டா இல்ல?” என்றார், யாரிடம் என்று இல்லாமல். “இதுல பேரு இருந்துதே. எங்க போச்சு?”

அந்த நொடியில் ஏதாவது ஒரு சேவல் கூவியிருக்கலாம். எதுவும் கூவவில்லை. ஆண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பாவுக்கு, பேரைப் பற்றித்தான் கேட்கிறார்கள் என்பது மட்டும் எப்படியோ எட்டிவிட்டது. காது கேட்காதவர்களுக்கே உரிய உரத்த குரலில், உதவி செய்யும் மகிழ்ச்சியோடு எழுந்து நின்று பதில் சொன்னார்:

“பேரெல்லாம் சுத்தமா எடுத்தாச்சு! திருமுடிவாக்கத்துல குடுத்து மெருகு போட்டோம்! நம்ம பொண்ணுதான் ஏற்பாடு பண்ணா!”

பின்வரிசையில் ஒருவர் சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார். அம்மா மடியில் இருந்த கைப்பையின் கைப்பிடியைச் சரிசெய்தாள். திரும்பவும் சரிசெய்தாள். பெரியம்மா அவளைப் பார்க்கவில்லை. “ஓ” என்று மட்டும் சொன்னார். அந்த ‘ஓ’வுக்குப் பிறகு அவர்களுடைய இரண்டு நாற்காலிகளுக்கும் நடுவில் இருந்த ஒரு சாண் இடைவெளியை நான் முதல் முறையாகக் கண்டேன்.

சபைக்குப் புதிதாக வந்திருந்த ஓர் இளைஞர், சேலையூர் பக்கம் பிரியாணிக் கடை வைத்திருப்பவர், விவரம் எதுவும் தெரியாமல் கை தூக்கினார். மூன்று தரம் சொல்லி முடிப்பதற்குள் ஏலம் விட்டவருக்கு வியர்த்துவிட்டது. அண்டா ஒரு ஷேர் ஆட்டோவின் கூரையில் ஏறிப் போயிற்று. மற்ற நான்கு பாத்திரங்களும் அதே பளபளப்போடு ஒன்றன் பின் ஒன்றாக மேசைக்கு வந்தன. ஒவ்வொன்றையும் கொடுத்தவர் அங்கேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

வீடு திரும்பியதும் அம்மா சேலையை மாற்றாமல் சமையலறையில் நின்றாள். தவறு எங்கே நடந்தது என்று நான் விளக்கத் தொடங்கினேன். முழுவதும் மெருகு போட்டிருக்க வேண்டும் என்றேன். சொல்லும்போதே அந்தச் சொல் எவ்வளவு கேவலமானது என்று தெரிந்தது. திறமையாகச் செய்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது என்பதுதான் அதன் பொருள்.

“நீயும் சரின்னுதானே நெனச்ச” என்றாள் அம்மா. குற்றம் சாட்டும் குரல் இல்லை. தன்னோடு நிற்க இன்னொருவர் உண்டா என்று கேட்பது போல இருந்தது.

“ஏன், என்ன ஆச்சு?” என்று கூடத்திலிருந்து அப்பா கேட்டார். அவர் வந்து வாசற்படியில் நின்று எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார். “நான் ஏதாவது தப்பாச் சொல்லிட்டேனா?”

“இல்லீங்க. உள்ளதைத்தானே சொன்னீங்க” என்றாள் அம்மா.

அடுத்த இரண்டு ஞாயிறுகள் அவள் முழங்கால் வலி என்று ஆலயத்துக்குப் போகவில்லை. பெட்டி கட்டும் வேலை நடந்தது. அவள் எதையும் தோளில் வைத்துப் பார்க்கவில்லை, காட்டியதற்கெல்லாம் தலையசைத்தாள். வேலை வேகமாக முடிந்ததில் எனக்கு ஒரு கணம் நிம்மதி ஏற்பட்டது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

வீடு மாறுவதற்கு முந்தைய வாரம் அம்மாவிடம் சொல்லாமல் பெரியம்மாவைப் பார்க்கப் போனேன். யோசனை என்னுடையது என்று சொல்லிவிட்டால் அம்மாவின் பெயர் மீண்டுவிடும் என்று எண்ணினேன். அவர் எனக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தார். நான் சொல்லி முடிக்கும் வரை, வார்டில் நோயாளியின் புலம்பலைக் கேட்பவர் போலக் கேட்டார்.

“அந்த அண்டாவுக்கு வீடு வீடாப் போய்க் காசு வாங்கினது யாரு? நானு. வெயில்ல. அப்ப உங்கம்மாவுக்கு இந்த ஊர்ல ஒருத்தரையும் தெரியாது. ‘அக்கா, எனக்கு எடம் பத்தல, இதை நீ எடுத்துக்கோ’ன்னு அவ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வாயில இருக்கற முத்து உதிர்ந்திருக்குமா?”

“உங்க மனசு கஷ்டப்படும்னு நெனச்சோம் பெரியம்மா.”

“குடுத்துட்டுப் போறது கஷ்டமில்லடி. நானும் நாளைக்கு எல்லாத்தையும் குடுத்துட்டுத்தான் போகணும். அதை எங்களுக்குத் தெரியாம அழிச்சிட்டு, நாங்க அடையாளம் கண்டுக்க மாட்டோம்னு நெனச்சீங்க பாரு. நீ படிச்சவ. எத்தன வருஷம் அதுல கஞ்சி குடிச்சிருக்க, உனக்குமா தோணல?”

எனக்குத் தோன்றவில்லை. பெயர் இருப்பதால்தான் அந்த அண்டாவை எல்லோருக்கும் தெரிகிறது என்று நான் நம்பியிருந்தேன். கரண்டி தட்டும் ஓசையையும், அண்டாவின் கைப்பிடியில் துணி சுற்றித் தூக்கிய கைகளையும் நான் கணக்கில் எடுக்கவில்லை. மன்னித்துவிடுங்கள் என்று கேட்க வாயெடுத்தேன். “டீயைக் குடி, ஆறுது” என்று எழுந்து போய்விட்டார்.

கடைசி ஞாயிறு ஆலயத்துக்கு வர அம்மா முதலில் மறுத்தாள். ஆனால் அப்பா வீடு மாறிப் போவதைப் போதகரிடம் ஏற்கனவே சொல்லியிருந்தார். ஊரைவிட்டுப் போகிற குடும்பத்தை முன்னால் அழைத்து ஜெபிப்பது வழக்கம். தான் போகாமல் அப்பா மட்டும் அங்கே தனியாக நிற்பதை அவளால் கற்பனை செய்ய முடியவில்லை. மூன்றாவது பெஞ்சை விட்டுவிட்டு, வாசலருகே என்னோடு கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். பெயர் அழைக்கப்பட்டதும் எழுந்து நடந்தாள். அந்த நடை எனக்கு மிக நீளமாகத் தோன்றியது. பெரியம்மா கண்களை மூடியே இருந்தார். அது ஜெபத்துக்காகவும் இருக்கலாம்.

ஆராதனை முடிந்ததும் சங்கத்தார் பக்கத்து அறையில் எங்களுக்குத் தேநீர் வைத்திருந்தார்கள். அப்பாவை ஆண்கள் வாசலில் நிறுத்திக்கொண்டார்கள். அறைக்குள் பெண்கள் மட்டும் பத்துப் பதினைந்து பேர். எல்லோரும் அம்மாவிடம் புது வீட்டில் தண்ணீர் வசதி எப்படி, லிஃப்ட் அடிக்கடி நின்றுபோகுமா என்றே விசாரித்தார்கள். ஏலத்தில் தன் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர்கூட அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அந்தக் கருணையில் அம்மாவின் தலை இன்னும் தாழ்ந்தது.

பிறகு பெரியம்மா ஒரு காகிதப் பையிலிருந்து மூடி போட்ட எவர்சில்வர் தூக்கு ஒன்றை எடுத்தார். இரண்டு பேருக்கான அளவு, புதியது. “இந்தா. சங்கத்து சார்பா” என்று நீட்டினார்.

அம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். வாங்கிய கைகள் வழக்கம் போலத் தாமாகவே அதைச் சுற்றின. விளிம்புக்குக் கீழே அவள் கண்கள் தேடின. ஒரு சுற்று முடிந்தது. மூடியைத் திருப்பிப் பார்த்தாள். அடியைப் பார்த்தாள். அத்தனை பேரும் அவள் தேடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“தேடாத. போடல” என்றார் பெரியம்மா. “இனிமே நீ இதை யாருக்கு வேணா குடுக்கலாம். அழிக்கற செலவு மிச்சம்.”

யாரோ “அக்கா, விடுங்கக்கா” என்று முணுமுணுத்தார்கள். நான் ஓர் அடி முன்னால் போனேன். ஏதாவது நயமாகச் சொல்லி அம்மாவை வெளியே அழைத்துப் போய்விட வேண்டும் என்று நினைத்தேன். லாரி மறுநாள் விடியற்காலையில் வருகிறது. இன்னும் ஓர் இரவு கடந்தால் இந்த முகங்களை அவள் பார்க்க வேண்டியதே இல்லை. இதை அவளுக்கு ஆறுதல் என்று எண்ணிய நான்தான், மழைக்காலம் முழுவதும் அவள் மனம் நோகாமல் வீட்டைப் பிரித்துக்கொண்டிருந்தவள்.

அம்மா அசையவில்லை. தூக்கை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு கணம் நின்றாள். பிறகு அதைப் பெரியம்மாவிடமே திருப்பி நீட்டினாள்.

“பேரு போட்டுக் குடுங்க அக்கா. பேரு இல்லாம எனக்கு வேண்டாம்.”

கொடுத்ததை முகத்துக்கு நேரே திருப்பிக் கொடுப்பதைவிட அவமானம் உண்டா என்று என்னிடம் கேட்டவள் அவள்.

பெரியம்மா கையை நீட்டவில்லை. “எதுக்கு? மறுபடி எங்கயாவது கொண்டுபோய்த் தேய்க்கவா?”

“இல்லக்கா. தப்பு பண்ணிட்டேன். உங்ககிட்ட நேரா சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு, பெருசா ஒரு தப்பு பண்ணிட்டேன். பேரு போட்டுக் குடுங்க.”

“இன்னிக்கி ஞாயித்துக்கிழமை. பேரு வெட்டறவன் கடைக்கு வரமாட்டான்.”

“அடுத்த ஞாயிறு வந்து வாங்கிக்கறேன்.”

“நாலாவது மாடியிலேந்தா?”

“லிஃப்ட் இருக்கு.”

பெரியம்மா அவளை உற்றுப் பார்த்தார். அவர் முகம் இளகியது என்று எழுத எனக்கு ஆசைதான். அப்படி எதையும் நான் பார்க்கவில்லை. தூக்கை வாங்கி, மூடியை அழுத்தி மூடி, காகிதப் பைக்குள் வைத்துக்கொண்டார். “நேரத்தோட வா. பாட்டு ஆரம்பிச்சப்புறம் வந்து என் காலை மிதிச்சிட்டு உள்ள போகாத” என்றார். அதோடு தேநீர்க் கோப்பைகளைப் பொறுக்கி அடுக்கத் தொடங்கிவிட்டார்.

நான் அம்மாவின் கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்தேன். அவமானம் அவளை விட்டுப் போய்விடவில்லை. வளாகத்தைக் கடக்கும் வரை யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அப்பா முன்னாலேயே காரில் ஏறி உட்கார்ந்திருந்தார். நாங்கள் வெறுங்கையோடு வருவதைப் பார்த்து அவருக்கு ஏமாற்றமாக இருந்தது.

“ஒண்ணும் குடுக்கலயா?” என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்டார்.

“குடுக்கல” என்றாள் அம்மா.

“நாப்பது வருஷம் இருந்திருக்கோம். ஏனாம்?”

அம்மா அவர் காதருகே குனிந்து, ஒவ்வொரு சொல்லாக, அவருக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள்: “அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்காங்க.”